ஒக்கியம் மடுவைத் தாண்டினால்தான் கடல்

2024 அக்டோபர் நடுவில் சென்னைக்கு ரெட் அலர்ட் வந்ததும் வேளச்சேரிக்காரர்கள் முதலில் செய்த காரியம், காரை எடுத்துக்கொண்டு போய் மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்தியதுதான். போலீஸ் அபராதம் போட்டாலும் பரவாயில்லை, இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்தால் ஆகும் செலவுக்கு அது எவ்வளவோ மலிவு என்பது அவர்கள் கணக்கு. சமூக வலைதளங்களில் சிலர் கேலி செய்தார்கள். 2015, 2021, 2023 என்று அடுத்தடுத்து அடி வாங்கியவர்களுக்குத் தண்ணீர் எந்தத் தெருவில் எவ்வளவு ஏறும் என்று எந்த வரைபடமும் இல்லாமலே தெரியும். தெரியாதது, அந்தத் தண்ணீர் அங்கிருந்து எந்த வழியாகக் கடலுக்குப் போகிறது என்பது. அதை யாரும் அவர்களுக்குச் சொன்னதுமில்லை.

மழைநீர் வடிகால் என்றதும் நம் கண்ணுக்கு வருவது சாலையோரத்து கான்கிரீட் கால்வாய். ஒவ்வொரு ஆண்டும் இத்தனை கிலோமீட்டர் கட்டினோம், இத்தனை கோடி செலவழித்தோம் என்று அறிக்கை வருவதும் அதைப் பற்றித்தான். அந்தக் கால்வாய் ஓர் ஓடையிலோ, ஏரியிலோ, ஆற்றிலோ போய் விழ வேண்டும். விழுகிற இடத்தில் தண்ணீர் ஏற்கெனவே நிரம்பி நின்றால் கான்கிரீட் எத்தனை தடிமன் என்பதில் பயனில்லை. சென்னையின் வெள்ளப் பிரச்சினையில் பெரும்பகுதி இந்த விழுகிற இடத்தில் இருக்கிறது. ஓடை, ஏரி, சதுப்பு நிலம், முகத்துவாரம் ஆகிய இயற்கை வடிகாலைப் பராமரிப்பது என்றால் மழைக்கு முன் பொக்லைன் விட்டுத் தூர்வாருவது என்ற அளவில் நம் புரிதல் நின்றுபோனதும் அதில் சேர்த்தி.

தட்டைத் தரையில் தண்ணீர்

சென்னை ஏறத்தாழத் தாம்பாளம் போன்ற ஊர். கடல் மட்டத்திலிருந்து சராசரி உயரம் ஆறேழு மீட்டர். ஆண்டுக்குச் சுமார் 140 செ.மீ. மழை, அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில், அதுவும் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். 2015 டிசம்பர் 1-ஆம் தேதியை ஒட்டிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. பதிவானது. வடக்கே கொசஸ்தலையாறு, நடுவில் கூவம், தெற்கே அடையாறு, அதற்கும் தெற்கே கோவளம் வடிநிலம் என்று நான்கு வழிகளில் இந்தத் தண்ணீர் வங்கக் கடலைத் தேடிப் போகிறது. நான்கையும் குறுக்கே தொட்டுக்கொண்டு கடற்கரைக்கு இணையாக ஓடுவது பக்கிங்காம் கால்வாய்.

பக்கிங்காம் கால்வாய் வடிகாலுக்காக வெட்டப்பட்டதே இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் படகுப் போக்குவரத்துக்காகச் சென்னைக்கு வடக்கே தொடங்கியது. 1876-78 பஞ்சத்தில் நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டு, அப்போதைய ஆளுநர் பெயரில் வழங்கலாயிற்று. படகு போக வேண்டிய கால்வாய்க்குச் சரிவு தேவையில்லை, சமமட்டமே வசதி. அந்தச் சரிவில்லாத கால்வாயைத்தான் பின்னாளில் நகரம் தன் தலைமை வடிகாலாக ஆக்கிக்கொண்டது. 1990-களில் பறக்கும் ரயிலுக்குத் தூண் நட இடம் தேடியபோது கிடைத்ததும் அதே கால்வாய்தான். சேப்பாக்கம் தொடங்கித் தெற்கு நோக்கித் தூண்களும் நிலையங்களும் கால்வாய்க்குள்ளேயே இறங்கின. வீட்டுமனைக்கு விலை கொடுக்க வேண்டும், நீர்நிலை புறம்போக்குக்கு வேண்டாம் என்ற கணக்கு இதில் மட்டும் நின்றுவிடவில்லை.

சேலையூரிலிருந்து முட்டுக்காடு

தென்சென்னையில் ஒரு சங்கிலியைப் பிடித்துக்கொண்டு போனால் விஷயம் விளங்கும். தாம்பரத்தை ஒட்டிய சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் ஏரிகள் நிரம்பினால் உபரிநீர் செம்பாக்கம் ஏரிக்கு வரும். அது நிரம்பினால் நன்மங்கலம், பிறகு கீழ்க்கட்டளை, பிறகு நாராயணபுரம். அங்கிருந்து பள்ளிக்கரணை. வேளச்சேரி, ஆதம்பாக்கம் பக்கத்துத் தண்ணீர் வீராங்கல் ஓடை வழியாக அதே பள்ளிக்கரணைக்கு வரும். இப்படி 250 சதுர கி.மீ. பரப்பில் பெய்யும் மழையும், அதிலிருக்கும் பல பத்து ஏரிகளின் உபரியும் ஒரே சதுப்பு நிலத்தில் வந்து சேர்கின்றன. வெளியேறும் வாசல் என்று சொல்லத்தக்கது துரைப்பாக்கம் அருகே ஓ.எம்.ஆர். சாலைக்கு அடியில் போகும் ஒக்கியம் மடுவு. அதைக் கடந்து பக்கிங்காம் கால்வாயில் விழும் நீர் நேரே கிழக்கே போனால் இரண்டு, மூன்று கிலோமீட்டரில் கடல். ஆனால் நடுவே மணல்மேடு. எனவே அது தெற்கே திரும்பி, ஏறத்தாழ 15 கி.மீ. நடந்து, முட்டுக்காட்டு முகத்துவாரத்தில்தான் கடலைப் பார்க்கிறது. அந்த 15 கி.மீ. தூரமும் சரிவு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது.

இப்படி மெதுவாக வெளியேறும் அமைப்பில் ஊர் மூழ்காமல் இருக்க ஒரே வழி, வரும் தண்ணீரைக் கொஞ்ச நாள் தாங்கி வைத்துக்கொள்ள இடம் இருப்பது. பள்ளிக்கரணை அந்த வேலையைத்தான் செய்துவந்தது. ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் விரிந்திருந்த கழுவெளி, இன்று நீர் நிற்கும் நிலமாக எழுநூறு ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 250 சதுர கி.மீ. மீது 10 செ.மீ. மழை பெய்தால் விழும் தண்ணீர் 2.5 கோடி கன மீட்டர். அதில் பாதி ஓடி வந்தாலும் 1.25 கோடி கன மீட்டர். 5,000 ஹெக்டேர் நிலத்தில் இது வந்து நின்றால் மட்டம் 25 செ.மீ. உயரும், கோரைப்புல் நனையும், அவ்வளவுதான். 700 ஹெக்டேரில் வந்து நின்றால் கிட்டத்தட்ட 1.8 மீட்டர், ஓர் ஆள் உயரம். மடுவு வழியாக நொடிக்கு 100 கன மீட்டர் தடையில்லாமல் வெளியேறுவதாக வைத்துக்கொண்டாலும், புதிதாக ஒரு சொட்டு மழை வராவிட்டாலும், வடிய ஒன்றரை நாள் ஆகும். நடைமுறையில் மழை நின்று வேடிக்கை பார்ப்பதில்லை.

மீதி நிலம் என்ன ஆனது என்று கேட்டால், நகரத்தின் கால்நூற்றாண்டு வளர்ச்சியையே பட்டியல் போட வேண்டியிருக்கும். பெருங்குடி குப்பைக் கிடங்கு சதுப்பின் மேலேயே கொட்டப்பட்டது. மத்திய அரசின் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், காற்றாலை ஆய்வு நிறுவனம் இரண்டும் அங்கேதான் எழுந்தன. ரயில் நிலையம், ரேடியல் சாலை, ஐ.டி. வளாகங்கள், அடுக்குமாடிகள் பின்தொடர்ந்தன. 2007-ல் ஒரு பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டு வனத்துறை கைக்கு வந்தது. 2022-ல் சுமார் 1,248 ஹெக்டேர் ராம்சர் தலமானது, அதாவது சர்வதேச முக்கியத்துவம் கொண்ட ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. குப்பையைக் கிளறிப் பிரித்தெடுத்து நிலத்தை மீட்கும் வேலையும் நடக்கிறது. நல்லதுதான். ஆனால் ராம்சர் என்றாலே பறவைகளுக்கான ஏற்பாடு என்று பேசிக்கொள்கிறோம். பூநாரை வருவது சந்தோஷம். அந்த நிலம் வேளச்சேரியின் தரைத்தளங்களுக்குச் செய்யும் உபகாரம் அதைவிடப் பெரிது.

கலங்கல் கற்கள்

பழைய ஏரிகளில் உபரிநீர் வழிந்து போகும் கலங்கலைப் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும், அதன் மேல் வரிசையாகக் குத்துக்கற்கள் நட்டிருக்கும். அலங்காரத்துக்கில்லை. ஐப்பசி, கார்த்திகையில் கற்களுக்கு இடையே ஒன்றும் வைக்க மாட்டார்கள்; வெள்ளம் தடையின்றி வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். பெருமழைக் காலம் முடியும் நேரத்தில் கல்லுக்குக் கல் களிமண்ணும் வைக்கோலும் புல்கட்டியும் வைத்து அடைத்து, கடைசி மழையில் ஒரு முழம் கூடுதலாகத் தேக்கிக்கொள்வார்கள். எப்போது திறந்திருக்க வேண்டும், எப்போது அடைக்க வேண்டும் என்பதை முடிவு செய்ய ஊரில் நீர்க்கட்டி என்ற பொறுப்பாளர் இருந்தார். அடைப்பதில் தாமதித்தால் பயிருக்குத் தண்ணீர் போதாது, அவசரப்பட்டால் கரை உடையும். வெள்ளத் தடுப்பும் நீர்ச் சேமிப்பும் ஒரே கல்வரிசையில், ஒரே ஆளின் பொறுப்பில் இருந்தன.

ஊர்க்காரர்களே சேர்ந்து ஏரியைப் பராமரிக்கும் குடிமராமத்து நின்றதற்கு நகரமயமாதல் காரணம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உள்ளே நடந்தது இன்னும் குறிப்பானது. ஏரிப் பாசனம் பெற்ற ஆயக்கட்டு வயல்கள் மனைகளானதும் ஏரி நீருக்கு உரிமைக்காரர் என்று யாரும் இல்லை. முன்பு ஏரி நிரம்பவில்லை என்று கவலைப்பட்டவர்கள் போய், ஏரி நிரம்பிவிடுமோ என்று கவலைப்படுபவர்கள் வந்தார்கள். கரையோரத்து வீடுகளுக்குள் தண்ணீர் வரும் என்பதால் கலங்கலை உடைத்து மட்டத்தைக் குறைக்கும் நெருக்குதல் வரும். மதகிலிருந்து வயலுக்குப் போன வாய்க்கால் சாக்கடை ஆகும். வரத்துக் கால்வாயின் மேல் சாலை வரும். பெயர்ப்பலகையில் ஏரி இருக்கும்; முகப்பேரில் ஏரித் திட்டம் என்றே ஒரு குடியிருப்புக்குப் பெயர். அரசே வீட்டுவசதிக்கு ஏரிகளைத் தூர்த்த காலம் அது.

நகரின் நடுவில் இது இன்னும் முன்பே முடிந்துவிட்டது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டிருந்த நெடிய ஏரியை 1920-களில் தூர்த்துத்தான் தியாகராய நகர் எழுந்தது. மிச்சமிருந்த நுங்கம்பாக்கம் ஏரிப் பகுதியில் 1970-களில் வள்ளுவர் கோட்டம் வந்தது. 2021 நவம்பரில் ஒரே இரவில் இருபது செ.மீ.-க்கு மேல் பெய்தபோது தி.நகரில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றதைப் பார்த்து அதிர்ச்சி அடைந்தவர்கள், அது தன் பழைய இடத்தில் போய் நின்றதைக் கவனித்திருக்க மாட்டார்கள். அந்தப் பகுதியின் ஒரே போக்கிடமான மாம்பலம் கால்வாயில் அப்போது சீரமைப்புப் பணிகள் முடியாமல் கட்டட இடிபாடுகள் கிடந்தன.

தூர்வாருதல் என்னும் திருவிழா

செப்டம்பரில் எந்தக் கால்வாய்க் கரைக்குப் போனாலும் ஒரே காட்சி. மிதவை இயந்திரம் ஆகாயத்தாமரையை வாரிக் கரையில் போடும். வேரோடு சேர்ந்து பிளாஸ்டிக் கவர், தெர்மோகோல், தலையணை, வாழைமரம், போன வருடத்துப் பிள்ளையார் சட்டகம் எல்லாம் வரும். அடியிலிருந்து கரிய சேறு வரும். அதையும் அங்கேயே கரைமேல் குவிப்பார்கள், காய்ந்தபின் லாரியில் ஏற்றலாம் என்று. லாரி வருவதற்குள் மழை வந்தால் பாதிச் சேறு வந்த வழியே கால்வாய்க்குள் போய்ச் சேரும். பில் மட்டும் கன மீட்டர் கணக்கில் முழுதாக வரும் என்று கரையோரத்தில் குடியிருப்பவர்கள் சிரிப்பார்கள்.

ஆகாயத்தாமரை ஏன் மறுபடி மறுபடி வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மழைநீர் ஓடை என்பது வருடத்தில் எட்டு மாதம் காய்ந்து கிடக்க வேண்டியது. காய்ந்தால் களை செத்துவிடும், அடிமட்டம் கண்ணுக்குத் தெரியும், யார் எதைக் கொட்டினார்கள் என்பதும் தெரியும். இப்போது சென்னையின் ஓடைகளில் வற்றாத ஜீவநதியாகக் கழிவுநீர் ஓடுகிறது. பாதாளச் சாக்கடை வராத பகுதிகளிலும், வந்தும் இணைப்பு எடுக்காத கட்டடங்களிலும் இருந்து ராத்திரியோடு ராத்திரியாக மழைநீர் வடிகாலில் குழாய் சொருகப்படுகிறது. அந்தச் சத்தில்தான் களை கொழுக்கிறது, சேறு படிகிறது. ஆகவே கழிவுநீரை நிறுத்தாமல் தூர்வாருவது ஆண்டுதோறும் திரும்ப வரும் செலவு. 2011-ல் மாநகராட்சி 174 சதுர கி.மீ.-லிருந்து 426 சதுர கி.மீ.-ஆக விரிந்தபோது சேர்ந்த பகுதிகளில் பலவற்றுக்குச் சாக்கடையும் இல்லை, வடிகாலும் இல்லை. கூவம், அடையாறு வடிநிலத்துக்கு உலக வங்கி, கொசஸ்தலைக்கு ஆசிய வளர்ச்சி வங்கி, கோவளத்துக்கு ஜெர்மன் வளர்ச்சி வங்கி என்று கடன் வாங்கி வடிகால் கட்டும் வேலை அதன்பிறகு நடந்துவருகிறது.

வடிகால் கட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டிய பகுதிகளில் 2022-க்குப் பின் பல தெருக்களில் தண்ணீர் முன்னைவிடச் சீக்கிரம் வடிந்ததை மறுக்க முடியாது. சிக்கல் வேறு. தெருவிலிருந்து தண்ணீரை எவ்வளவு வேகமாக வெளியேற்றுகிறோமோ அவ்வளவு வேகமாக ஓடையின் மட்டம் உயரும். ஓடை மட்டம் வடிகாலின் வாயைத் தாண்டியதும் நீர் திரும்பி ஏறும். மேட்டுத் தெருவின் தண்ணீர் பள்ளத் தெருவின் மூடி வழியாகப் பொங்கும். எல்லா இடத்துக்கும் ஒரே மருந்து என்பதும் சரிப்படாது. கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்து மணல்மேடுகளில் கான்கிரீட் வடிகால் போடும் திட்டம் வந்தபோது, எங்கள் மணல் தண்ணீரைத் தானே குடித்துவிடும், குடிநீருக்கும் அதுதான் ஆதாரம் என்று குடியிருப்புவாசிகள் எதிர்த்தார்கள். விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. மணலில் விழும் மழையைப் பிடித்துக் கொண்டுபோய், ஏற்கெனவே திணறும் பக்கிங்காம் கால்வாயில் விடுவதற்குக் கடன் எதற்கு?

முகத்துவாரத்தில் மணல்

கடைசி வாசல் கடலோரம். வங்கக் கடலின் நீரோட்டம் ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகிறது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகச் சுவர் கட்டியதும் அந்த மணல் தெற்கே தேங்கி மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் பக்கம் கரையைக் கடல் அரித்தது. மெரினாவை நமக்குக் கொடுத்த அதே மணல்தான் கூவத்தின் வாயையும் அடைக்கிறது. ஆற்றில் நீரோட்டம் வலுவாக இருந்தால் அது தானே மணலைத் தள்ளிவிடும். கோடையில் சாக்கடை மட்டும் கசியும் ஆற்றுக்கு அந்தச் சக்தி இல்லை. எனவே கூவம், அடையாறு, முட்டுக்காடு மூன்று இடத்திலும் பருவமழைக்கு முன் இயந்திரம் விட்டு மணல்திட்டை வெட்டித் திறக்கிறார்கள். சில வாரம் முன்பே வெட்டினால் கடல் மூடிவிடும், தாமதித்தால் வெள்ளம் முந்திக்கொள்ளும்.

திறந்திருந்தாலும் கடல் எப்போதும் வாங்கிக்கொள்ளாது. ஏற்றத்தின்போது ஆற்று நீர் நிற்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரைக்கு அருகே மெதுவாக நகர்ந்தபோது கடல் மட்டமும் உயர்ந்தே நின்றது; உள்ளே பெய்த மழை வெளியேற வழியில்லாமல் வேளச்சேரியிலும் பெருங்குடியிலும் தேங்கியது. அதே வெள்ளத்தில் வடக்கே மணலியின் எண்ணெய்க் கசிவு பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி, மீனவர்களின் படகும் வலையும் கறுத்துப்போயின. அனல்மின் நிலையச் சாம்பலால் ஏற்கெனவே மேடேறிய கழிமுகம் அது. வடசென்னையின் கதை தனிக் கட்டுரைக்குரியது.

யாருடைய ஓடை?

ஒரு சொட்டு மழை செம்பாக்கத்திலிருந்து கடலுக்குப் போவதற்குள் எத்தனை அலுவலகங்களைக் கடக்கிறது என்று பாருங்கள். ஏரி நீர்வளத் துறையிடம் அல்லது உள்ளாட்சியிடம். தெரு வடிகால் மாநகராட்சியிடம். அதில் கலக்கும் சாக்கடை குடிநீர் வாரியத்திடம். சதுப்பு வனத்துறையிடம். பாலம் நெடுஞ்சாலைத் துறையிடம். கால்வாய் மீண்டும் நீர்வளத் துறையிடம். புறம்போக்கு எல்லை வருவாய்த் துறையிடம். பக்கத்தில் கட்டட அனுமதி கொடுப்பது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ. ஒவ்வொருவரும் தன் பகுதியைத் தூர்வாரியதாகப் படத்தோடு காட்டலாம், பொய்யும் இராது. ஆனால் மேலே உள்ளவர் வெட்டிய அடிமட்டமும் கீழே உள்ளவர் வெட்டிய அடிமட்டமும் பொருந்துகிறதா என்று பார்ப்பது எவருடைய வேலையும் இல்லை. 2021 வெள்ளத்துக்குப் பின் ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் குழு அமைக்கப்பட்டு, 2023-ல் இறுதி அறிக்கையும் கொடுத்துவிட்டது. அதற்கு முன்பே, 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கைத் துறை அறிக்கை 2015 வெள்ளத்தை மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்றே சொன்னது.

ஆக்கிரமிப்பு அகற்றம் என்று வரும்போது மட்டும் துறைகள் ஒன்றுகூடிவிடும், அதுவும் குடிசைகள் என்றால். 2015-க்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட ஏராளமான குடும்பங்களுக்குப் பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்தார்கள். பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் எங்கே இருக்கின்றன? பள்ளிக்கரணையின் வெள்ளவெளியில். ஆற்றங்கரையில் இருந்தால் ஆபத்து என்று கிளப்பிக் கொண்டுபோய், மழை வந்தால் முழங்கால் தண்ணீரில் நடக்கும் இடத்தில் வைத்தோம். அந்தப் பக்கத்திலேயே சதுப்பின் விளிம்பில் எழும் உயர்ந்த அடுக்குமாடிகளுக்கு முறையான அனுமதி இருக்கிறது. அனுமதி பெற்ற கட்டடமும் தண்ணீரின் இடத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. வெள்ளத்துக்குப் பட்டா படிக்கத் தெரியாது.

சமீபத்தில் நடந்தவற்றில் நம்பிக்கை தருவது, 2024-ல் அரசு மீட்ட கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தில் வெட்டப்பட்ட நான்கு குளங்கள். வேளச்சேரிப் பக்கம் பாயும் நீரை மேலேயே பிடித்து நிறுத்துவதுதான் நோக்கம். அளவில் சிறியவை, பள்ளிக்கரணை இழந்த கொள்ளளவுக்கு முன் ஒரு துளி. இருந்தாலும், தண்ணீரை வேகமாகத் துரத்துவதிலிருந்து இருத்தி வைப்பதற்கு நகரத்தின் யோசனை திரும்பியிருக்கிறது. அதை நீட்டினால் அடுத்த வேலை மேற்படி சங்கிலி ஏரிகளில்தான். அக்டோபர் தொடங்கும்போது அவற்றை அரைகுறையாகக் காலியாக வைத்திருந்து, மார்கழியில் நிரப்ப வேண்டும். அதற்குக் கலங்கலில் திறந்து மூடும் ஷட்டர் வேண்டும், அதை இயக்க ஆள் வேண்டும், அந்த ஆளுக்குக் கீழே உள்ள ஏரியின் மட்டம் தெரிய வேண்டும். குடிநீருக்காக ஏரி நிறைந்திருக்கட்டும் என்பவர்களும் வெள்ளத்துக்காகக் காலியாக இருக்கட்டும் என்பவர்களும் இப்போது தனித்தனி அலுவலகங்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். 2015-ல் செம்பரம்பாக்கத்தில் கடைசி நேரத்தில் நொடிக்கு 29,000 கன அடி திறக்க வேண்டிவந்தது அந்த முரணின் உச்சம்.

செலவில்லாத வேலை ஒன்றும் இருக்கிறது. ஒக்கியம் மடுவுப் பாலத்துக்கு அடியிலும், நாராயணபுரம் கலங்கலிலும், வீராங்கல் ஓடை சதுப்பில் சேரும் இடத்திலும், முட்டுக்காட்டிலும் கடல் மட்டத்தை அடிப்படையாகக் கொண்ட அளவுகோல் நட்டு, மழைக்காலத்தில் மணிக்கொரு முறை மட்டத்தைப் பொதுவெளியில் போடலாம். செம்பரம்பாக்கத்துக்கும் பூண்டிக்கும் அன்றாடம் நீர்மட்டம் செய்தித்தாளில் வருகிறது, நாமும் படிக்கிறோம். அதே பழக்கம் மடுவுக்கும் வந்தால், தூர்வாரிய பிறகும் மட்டம் ஏன் இறங்கவில்லை, எந்தப் பாலத்துக்கு மேலும் கீழும் ஒரு அடி வித்தியாசம் நிற்கிறது, அந்தப் பாலம் எந்தத் துறையுடையது என்று வேளச்சேரிக்காரர் ஒருவர் வீட்டிலிருந்தபடியே கேட்க முடியும்.